தாங்கி நிற்கும் துணிவு: ஓரியூரும் அறுபத்தொரு நாளும்

இராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூருக்குப் போகிறவர்கள் அந்தச் செம்மண்ணில் ஒரு பிடியை முந்தானையிலோ கைக்குட்டையிலோ முடிந்துகொண்டு வருவார்கள். பிப்ரவரி 4, புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) திருநாளன்று மறையுரைகளில் திரும்பத் திரும்ப வருவது 1693-ஆம் ஆண்டின் ஒரே ஒரு நாள்: பாம்பாற்றங்கரை, மண்டியிட்ட துறவி, ஓங்கிய வாள். அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அருளானந்தர் இந்தியாவுக்கு வந்தது 1673-இல். வாளுக்கு முன்னால் இருபது ஆண்டுகள் இருக்கின்றன. தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை கடல் தொழிலை நம்பி வாழும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அதிகம் கற்றுத்தருவது அந்த இருபது ஆண்டுகளே. வாளைச் சந்திக்கும் நாள் நம்மில் எவருக்கும் வராமலே போகலாம். வட்டிக்காரரையும் வெறும் வலையையும் பாடில்லாத, மீன் கிடைக்காத மாதத்தையும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தையும் சந்திக்காதவர் இங்கே கிடையாது.

லிஸ்பனில் 1647-இல் அரண்மனையோடு உறவுள்ள குடும்பத்தில் பிறந்தவர், இங்கே தமிழ்த் துறவியரைப்போல் பண்டாரசாமி உடை தரித்து, மாமிசமும் மீனும் விலக்கி, சோறும் பருப்பும் கீரையுமாக வாழ்ந்தார். 1686-இல் வேதியர்களோடு (மறைக்கல்வி கற்பிக்கும் துணைவர்களோடு) பிடிபட்டுக் கடுமையாகச் சித்திரவதைப்பட்டார். மறவ நாட்டில் இனிப் போதிக்கக்கூடாது என்ற ஆணையோடு இராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதி அவரை விடுவித்தார். பிறகு ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டபோது, போர்த்துக்கல் மன்னர் அங்கேயே தங்கும்படி கேட்டார். வசதியும் மரியாதையும் காத்திருந்தன. 1690-இல் அவர் திரும்பிவிட்டார். 1693 சனவரியில் மறவ இளவரசர் தடியத்தேவர் திருமுழுக்குப் பெற்று, முதல் மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களுள் ஒருவர் சேதுபதிக்கு உறவு. அதிலிருந்து கைது, இராமநாதபுரம், ஓரியூர். கொலைக்கு முந்தின நாள் கரியை நீரில் குழைத்து எழுதிய கடிதத்தில், நற்பண்பே குற்றமாகும்போது துன்பப்படுவது மகிமை என்ற பொருளில் அவர் எழுதினார். அந்த வரியை எழுதிய கை ஒரே இரவில் உறுதிப்பட்டதாக நினைத்துவிடக்கூடாது. திரும்பி வரவேண்டியதில்லை என்ற நிலையில் கப்பலேறித் திரும்பியபோதே அந்தக் கை பழகியிருந்தது.

துணிவு என்ற நற்பண்பைப் பற்றித் திருச்சபையில் மிக நுணுக்கமாக எழுதியவர் 13-ஆம் நூற்றாண்டின் புனித தாமஸ் அக்குவினாஸ். துணிவுக்கு இரண்டு செயல்கள் உண்டு என்கிறார்: ஒன்று எதிர்த்துப் பாய்வது, மற்றொன்று தாங்கி நிற்பது. இவற்றில் முதன்மையானது தாங்கி நிற்பதே என்பது அவருடைய முடிவு. அதற்கு மூன்று காரணங்கள் சொல்கிறார். பாய்கிறவன் தன்னை வலியவன் என்று எண்ணிப் பாய்கிறான். தாங்குகிறவனை அழுத்துவதோ அவனைவிட வலியது. பாய்கிறவனுக்கு ஆபத்து இனி வரப்போவது. தாங்குகிறவனுக்கு அது இப்போதே தோளில் இருக்கிறது. பாய்ச்சல் சட்டென்று முடிந்துவிடும். தாங்குவதற்கு நெடுநாள் வேண்டும்.

இந்த மூன்றையும் நம் கரையில் வைத்துப் பாருங்கள். வியாபாரியிடம் வாங்கிய முன்பணத்துக்காக, பிடித்த மீனை அவர் சொன்ன விலைக்கே போடவேண்டிய நிலை: அழுத்துவது நம்மைவிட வலியது. கணவன் இலங்கைச் சிறையில், பிள்ளைக்குப் பள்ளி திறக்கப்போகிறது: ஆபத்து இன்றைக்கே வாசலில் நிற்கிறது. படகு பிடிபட்டு ஆண்டுக்கணக்கில் திரும்பவில்லை: காலம் நீள்கிறது. இந்த வீடுகளில் தினமும் அடுப்பு மூட்டி, பிள்ளையைக் குளிப்பாட்டி அனுப்பி, சாயந்தரம் செபமாலை சொல்லும் பெண்கள் செய்வது, மறைவல்லுநர் ஒருவர் துணிவின் உச்சம் என்று வகுத்த அதே செயல்தான். அவர்களை யாரும் வீரர்கள் என்று அழைப்பதில்லை. அழைக்கவேண்டும்.

துன்பம் பொறுமையைத் தரும், பொறுமை தேர்ச்சியைத் தரும், தேர்ச்சி நம்பிக்கையைத் தரும் என்று பவுல் உரோமையருக்கு எழுதியதை நாம் அடிக்கடி வாசிக்கிறோம். அது தானாக நடக்கும் என்று எடுத்துக்கொள்வதில்தான் கோளாறு. ஒரே கடன், ஒரே இழப்பு ஒருவரைக் கனிய வைக்கிறது, இன்னொருவரைக் கசக்க வைக்கிறது. நற்பண்பு என்பது பழக்கம். ஒரே செயலைத் தெரிந்து விரும்பி மறுபடி மறுபடி செய்வதால் ஊன்றுவது. உறுதிபூசுதல் என்னும் அருளடையாளத்தில் பெற்ற துணிவு என்னும் கொடை அதற்கு உயிர் கொடுக்கிறது, ஆனால் அந்தக் கொடையைப் பயன்படுத்தும் செயல்களை நாம்தான் செய்யவேண்டும். அந்தச் செயல்கள் எவை என்று யாரும் சொல்லித் தராததால்தான் பலர் நடுவழியில் நின்றுவிடுகிறார்கள்.

அருளானந்தர் இயேசு சபைத் துறவி. அவர் பயின்றது அந்தச் சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியாரின் 'ஆன்மீகப் பயிற்சிகள்' என்ற நூல். அதில் மனம் வறண்டு இருண்டு கிடக்கும் நேரத்துக்கென்றே விதிகள் இருக்கின்றன. துறவிகளுக்கு மட்டும் என்று அவற்றை ஒதுக்கிவிட்டோம். அது பெரிய நட்டம்.

முதல் விதி: வறட்சியில் இருக்கும்போது முடிவை மாற்றாதே. மனம் தெளிவாக இருந்தபோது எடுத்த நல்ல தீர்மானத்தில் அப்படியே நில். கச்சான் காற்றில் பத்து நாள் வள்ளம் இறக்க முடியாமல் கிடக்கும்போதுதான் "வலையை விற்றுவிடலாம்", "மகளின் படிப்பை நிறுத்திவிடலாம்", "இனிக் கோயில் பக்கமே போகவேண்டாம்" என்பவை வரும். சில வேளை தொழிலை விடுவது சரியான முடிவாகவும் இருக்கலாம். ஆனால் அதை எடுக்கும் நாள் அதுவல்ல. தள்ளிப் போடுங்கள், பாடு கிடைத்து, வயிறு நிறைந்து, மனம் அமைதியாக இருக்கும் ஒரு வாரத்தில் மறுபடி எடுத்துப் பாருங்கள். அப்போதும் அதே முடிவு நின்றால் அதை நம்பலாம்.

இரண்டாவது: முடிவை மாற்றக்கூடாது, ஆனால் வறட்சிக்கு எதிராக நம்மை மாற்றிக்கொள்ளவேண்டும். கொஞ்சம் கூடுதல் செபம், கூடுதல் ஆன்ம ஆய்வு, பொருத்தமான அளவில் ஒரு தவமுயற்சி. இஞ்ஞாசியார் இதில் வியப்பூட்டும் அளவுக்குத் துல்லியமானவர். ஒரு மணி நேரம் செபிக்கத் தீர்மானித்தவர், மனம் வறண்டிருக்கும் நாளில் அந்த ஒரு மணிக்கு மேலும் சற்று நேரம் இருக்கவேண்டும் என்கிறார். குறைக்கத் தூண்டும் சோதனையை அந்த இடத்திலேயே தோற்கடிப்பதற்காக. நம் வீட்டில் அது ஒரு மணி நேரமாக இருக்கவேண்டியதில்லை. செபமாலையில் ஐந்து பத்துமணி சொல்வது வழக்கம் என்றால், அலுப்பு மிகுந்த நாளில் ஐந்தையும் முடித்து மேலே மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள். பத்தல்ல, மூன்றுதான். அளவை ஒரேயடியாகக் கூட்டுகிறவர்கள் ஒரு வாரத்தில் முழுவதையும் விட்டுவிடுகிறார்கள்.

மூன்றாவது விதியைத்தான் நம் ஆண்கள் கேட்கவேண்டும். சோதனையை மறைத்து வைத்தால் அது வளரும். நல்ல ஆன்மகுரு ஒருவரிடம் திறந்து சொன்னால் அதன் பலம் போய்விடும். கடலில் எந்த ஆபத்தையும் அடுத்த படகுக்கு வயர்லெஸ்ஸில் சொல்கிற மனிதர், உள்ளே சாக நினைப்பதைக்கூட மனைவியிடம் சொல்வதில்லை. பாவசங்கீர்த்தனத்துக்குப் போகக் கூச்சமாக இருந்தால் முதலில் பங்குத்தந்தையுடன் வெறுமனே உட்கார்ந்து பேசலாம். சாகும் எண்ணம் வந்துவிட்டால் செபத்தோடு மருத்துவரும் வேண்டும். தமிழ்நாட்டில் 104 எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

இனி ஆன்ம ஆய்வு. ஐந்து படிகள்: நன்றி, ஒளி கேட்டல், அன்றைய நாளை மணிக்கு மணி புரட்டிப் பார்த்தல், மன்னிப்பு, நாளைக்கான தீர்மானம். கடைசியில் ஒரு பரலோக மந்திரம். கால் மணி நேரம் போதும். இதோடு தனி ஆய்வு என்று ஒன்று இருக்கிறது. ஒரே ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொள்வது, சாராயம் என்றால் சாராயம், கெட்ட வார்த்தை என்றால் கெட்ட வார்த்தை. விழும் ஒவ்வொரு தடவையும் கையை நெஞ்சில் வைத்து வருந்தவேண்டும். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியவேண்டியதில்லை. வலை இழுத்துக்கொண்டே செய்யலாம். மதியமும் இரவும் எத்தனை முறை என்று எண்ணி, ஒரு நோட்டில் நாளுக்கு இரண்டு கோடாக இழுத்து அதில் புள்ளி வைக்கவேண்டும். இன்றைய மாலைக்கோட்டைக் காலைக்கோட்டோடு, இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். இதில் கெட்டுப்போவது ஒரே இடத்தில்: நாலைந்து குறைகளை ஒன்றாக எடுப்பது. கணக்கு குழம்பும், குழம்பினால் நோட்டு மூலைக்குப் போகும்.

சனிக்கிழமை விசைப்படகில் போய் ஞாயிறு காலை கரையேறுகிறவர்களுக்குத் திருப்பலி தவறிப்போவது இந்தக் கரையில் பழைய சிக்கல். மாலைத் திருப்பலி இருக்கும் பங்கு எதுவென்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். உண்மையாகவே முடியாத ஞாயிறுக்குக் கடமை கட்டாது. ஆனால் மீன் இறக்கி, உறங்கி, மாலை ஆறு மணிக்குப் பெட்டிக்கடை முன்னால் நிற்க முடிகிறது என்றால் கோயிலுக்கும் வர முடியும்.

தடைக்காலத்துக்கு வருகிறேன். ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. இதில் நம் மறையுரைகள் கவனிக்காத ஒன்று உண்டு. தவக்காலம் வரும்போது பெரும்பாலும் தொழில் நடந்துகொண்டிருக்கிறது. தடைக்காலமோ பெரும்பகுதி, உயிர்ப்பு ஞாயிறு முதல் பெந்தகோஸ்தே வரையுள்ள பாஸ்கா காலத்துக்குள் விழுகிறது. 2025-இல் புனித வாரத்தின் செவ்வாய்க்கிழமையே தடை தொடங்கியது. ஏப்ரல் 20 உயிர்ப்பு ஞாயிறு, சூன் 8 பெந்தகோஸ்தே. கோயிலில் அல்லேலூயா பாடுகிறோம், வீட்டில் தவக்காலம் நடக்கிறது. அதனால் தவக்காலத்தைத் தடைக்காலத்துக்கான ஆயத்தமாகவே எடுத்துக்கொள்வது நம் கரைக்குப் பொருந்தும். இஞ்ஞாசியாரும் இதையே சொல்கிறார்: ஆறுதலான காலத்தில் இருப்பவர், பின்னால் வரப்போகும் வறட்சியில் எப்படி நடந்துகொள்வது என்று இப்போதே எண்ணி வலிமை சேர்த்துக்கொள்ளட்டும்.

எப்படிச் சேர்ப்பது? வெள்ளிக்கிழமை மாமிசம் விலக்குவது 14 வயது நிறைந்த எல்லாருக்கும், சாம்பல் புதனும் புனித வெள்ளியும் ஒருசந்தி (ஒருவேளை மட்டும் முழு உணவு) 18 முதல் 59 வயதுக்காரர்களுக்கும் சட்டம். ஆனால் நமக்கு மாமிசம் விலக்குவது ஒரு தவமே இல்லை, அன்றைக்கு இன்னும் நல்ல மீனாக எடுத்துக் குழம்பு வைக்கிறோம். சட்டத்தைக் கடைப்பிடித்துவிட்டு, அதோடு உண்மையாகவே வலிக்கும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளவேண்டும். குடிப்பவருக்கு அது குடி. 40 நாளும் குடியை நிறுத்தி அந்தப் பணத்தைத் தனி உண்டியலில் போடுவது, தடைக்காலத்தில் சோறாகத் திரும்பி வரும். மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் நாம் 1,500 ரூபாய் கட்டினால் மத்திய அரசும் மாநில அரசும் ஆளுக்கு 1,500 சேர்த்து, மீன்பாடு குறைந்த மாதங்களில் 4,500 ஆகத் தருகின்றன. மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் கட்டவேண்டிய தவணையைத் தவறவிட்டுப் பெயர் விட்டுப்போனவர்கள் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. தவணை தேதியை அன்பியக் (பங்கிலுள்ள சிறு குடும்பக் குழுவின்) கூட்டத்தில் வாசிக்கலாம், அது உலகக் காரியம் என்று கூச்சப்படவேண்டாம். 2023-இல் 8,000 ரூபாயாக உயர்த்தி அறிவிக்கப்பட்ட தடைக்கால நிவாரணத்தை 61 நாளுக்கு வகுத்தால் ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 131 ரூபாய். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்ட வீடு, அந்த மாதங்களில் காதுகுத்துக்கும் பூப்புனித நீராட்டுக்கும் வட்டிக்கு வாங்காது. அவமானத்துக்குப் பயந்து வாங்கும் கடனைத் தாங்கவேண்டிய துன்பமாகச் சிலுவைக் கணக்கில் சேர்க்க முடியாது. அது தவிர்த்திருக்கவேண்டிய துன்பம்.

பணத்துக்கு அடுத்து வருவது வேலையில்லாத பகல். எகிப்துப் பாலைவனத்தில் 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த எவாகிரியுஸ் என்ற துறவி இதை நண்பகல் பேய் என்றார். நாள் ஐம்பது மணி நேரம் நீள்வதுபோல் தோன்றும். சூரியன் எங்கே நிற்கிறது என்று பார்க்கச் சொல்லும். இருக்கும் இடத்தின் மீதும் கைத்தொழில் மீதும் வெறுப்பு வரும். வலைக்கொட்டகையில் சீட்டுக்கட்டோடு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து எழுதியதுபோல் இருக்கிறது. அவர் தந்த மருந்தும் எளியது: இடத்தை விட்டு ஓடாதே, ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அளவை வைத்துக்கொள், அந்த அளவு முடியும்வரை எழாதே, சோர்வு பேசும்போது திருமறையிலிருந்து ஒரு சிறு வாக்கால் பதில் சொல். எனவே "இன்று வலை பொத்துவேன்" என்று தொடங்காமல், "இன்று இந்த மடியில் இத்தனை கண்" என்று தொடங்குங்கள். கரையேற்றிய படகில் அடிப்பலகை பார்ப்பது, ஓட்டை அடைப்பது, வர்ணம் பூசுவது, எஞ்சின் இறக்குவது எல்லாம் வரிசையாகச் செய்கிறோம். நம் உள்ளத்துக்கும் அந்த 61 நாள் அப்படி ஒரு கரையேற்றம். பாஸ்கா காலத்தில் வாசிக்கும் நற்செய்தியிலும் பேதுரு மீன்பிடிக்கப் போய் இரவு முழுதும் ஒன்றும் அகப்படாமல் கரை திரும்புகிறார். உயிர்த்த ஆண்டவரைக் கண்ட பிறகு நடந்த வெறும் வலை அது.

விழுவதைப் பற்றியும் ஒரு சொல். தவக்காலம் முழுக்க நிறுத்திய குடியை மே மாதத்தில் தொட்டுவிட்டவர், "என்னால் ஆகாது" என்று முழுதாய் விழுகிறார். சிலுவைப்பாதையின் 14 நிலைகளில் 3, 7, 9 மூன்றும் விழுதல். மூன்றாவது விழுதலுக்குப் பின்னும் பாதை முடிந்துவிடவில்லை. அன்றிரவே ஆய்வு, அந்த வாரமே பாவசங்கீர்த்தனம். குடி உடலைப் பிடித்துவிட்டவருக்கு அதோடு குடிமீட்பு மருத்துவமும் தேவை. மருந்து எடுப்பது விசுவாசக் குறைவல்ல.

இனிச் சொல்லப்போவதில் சமரசம் செய்துகொள்ளக்கூடாது. அக்குவினாஸ் விடாமுயற்சிக்கு இரண்டு பக்கத்திலும் பகை வைக்கிறார். ஒரு பக்கம் கொஞ்சம் வலித்ததும் விட்டுவிடும் இளக்கம். மறு பக்கம் விடவேண்டியதையும் விடாத பிடிவாதம். குடித்துவிட்டு அடிக்கும் கணவனை "இது உன் சிலுவை, பொறுத்துக்கொள்" என்று ஒரு பெண்ணுக்குச் சொல்வது இந்தப் பிடிவாதத்தை நற்பண்பென்று பெயர் மாற்றி விற்பது. தலைமைக்குருவின் முன் காவலன் கன்னத்தில் அறைந்தபோது இயேசு, ஏன் என்னை அடிக்கிறாய் என்று கேட்டார். சாட்டையால் அடிக்கக் கட்டியபோது பவுல் தன் உரோமைக் குடியுரிமையைச் சொல்லித் தடுத்தார். ஓர் ஊரில் துன்புறுத்தினால் மறு ஊருக்கு ஓடுங்கள் என்பது ஆண்டவர் சீடருக்குத் தந்த கட்டளை. தவிர்க்க முடியாததை, அல்லது நன்மைக்காகத் தானே ஏற்றதைத் தாங்குவதுதான் பொறுமை. அடி விழும் வீட்டிலிருந்து பெண்ணும் பிள்ளைகளும் வெளியே வரலாம், வரவேண்டும். 181 மகளிர் உதவி எண். சட்டத்துக்கு மீறிய வட்டியையும் இப்படித்தான் பார்க்கவேண்டும்; கந்துவட்டித் தடைச் சட்டம் 2003 முதல் நமக்கு இருக்கிறது, புகார் கொடுப்பது பொறுமைக்குக் குறைவல்ல.

இதே நீதி நம் பக்கமும் கேள்வி கேட்கும். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில் இரு கரை மக்களும் ஒரே சிலுவைப்பாதையில் நடக்கிறோம். யாழ்ப்பாண, மன்னார்ச் சிறு மீனவர்கள் நம் இழுவைமடிகளால் (கடலடியை வாரி இழுக்கும் வலைகளால்) வலை அறுந்து நிற்பதையும் அந்த நடையில் நினைக்கவேண்டும். இழுவைமடியை இலங்கை 2017-இல் சட்டத்தால் தடைசெய்தது. நம் மீனவர் மீது துப்பாக்கி சுடுவதையும் படகைப் பறிப்பதையும் எதிர்த்துக் குரல் கொடுப்பது நியாயம். கூடவே கடலடியை உழும் மடியைக் குறைக்கும் வழியையும் பேசவேண்டும். பொருட்செலவாகும், கசக்கும்; நம் கரையில் இன்று நற்பண்பு அதிகம் விலை கேட்கும் இடம் இதுதான்.

கடைசியாக, துன்பத்தில் இருக்கிறவர் அருகே நிற்பது பற்றி. கடலில் காணாமல் போனவரின் வீட்டுக்கு அன்பியத்திலிருந்து போகிறவர்கள் முதல் வாரத்திலேயே "எல்லாம் கடவுள் சித்தம்" என்று சொல்லிவிடுகிறார்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் பேசாமல் தரையில் அமர்ந்திருந்தவரை சரியாக இருந்தார்கள். வாய் திறந்த பிறகுதான் பிழை செய்தார்கள். உடல் கிடைக்காத வீட்டில் மனைவி தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்பதே பெரிய சிலுவை. அதை அவள் முடிவுக்கு விடுங்கள். அரசுச் சட்டத்தில் பொதுவாக ஏழு ஆண்டு செய்தி இல்லாவிட்டால்தான் இறந்ததாகக் கொள்ள முடியும். திருச்சபைச் சட்டத்தில் மறுமணத்துக்கு ஆயரின் தீர்ப்பு வேண்டும். எத்தனை ஆண்டானாலும் காணவில்லை என்பது மட்டும் போதாது, சாட்சியமும் சூழ்நிலையும் மரணத்தை உறுதிப்படுத்தவேண்டும். ஆகவே கடைசியாகப் பேசிய வயர்லெஸ் செய்தி, உடன் போனவர்களின் வாக்குமூலம், கடலுக்குப் போக மீன்வளத்துறை தந்த டோக்கனின் நகல், காவல்நிலையத்தில் கொடுத்த புகாரின் இரசீது எல்லாவற்றையும் முதல் மாதமே ஒரு கோப்பில் சேர்த்துவைக்க உதவுங்கள். அந்த வேலையை அழுகிற பெண்ணால் செய்ய முடியாது.

முதல் வாரம் கஞ்சியும் கூட்டமும் நிறைய இருக்கும். நாற்பதாம் நாளுக்குப் பிறகு யாரும் வருவதில்லை. அன்பியத்தில் நான்கு குடும்பங்கள் மாதத்துக்கு ஒரு குடும்பமாகப் பொறுப்பெடுத்து, சூன் மாதப் பள்ளிக் கட்டணத்தையும் நிவாரணத்துக்கான அலுவலக நடையையும் முன்னதாகவே பிரித்துக்கொள்ளட்டும். யாருக்கு எந்த மாதம் என்பதை எழுதி அன்பியத் தலைவரிடம் கொடுத்துவிடுங்கள். எழுதாத பொறுப்பு மூன்றாம் மாதமே கைவிட்டுப் போகிறது.